செவலைக்கு வயிறு கெட்ட வாரம்

குத்தாலிங்கத்துக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம், குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தவர். சட்டையைக் கழற்றிப் பலகையில் உட்காரும் ஆளின் முதுகில் கை வைத்ததுமே, இவர் வண்டியோட்டி, இவர் மூட்டை தூக்குகிறவர், இவர் தூங்கிப் பல நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். தன் உடம்பில் சர்க்கரை ஏறியிருந்தது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஆடியில், யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஏறியது. வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் குனிந்து பார்க்கவும் இல்லை. நாளெல்லாம் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறுகிற கால். பத்து நாள் கழித்து வீட்டுக்குள் ஏதோ எலி செத்துக் கிடக்கிறது என்று மூலை மூலையாகத் தேடிய அவர் மனைவி ரத்தினம், கடைசியில் அவர் காலடியில் வந்து நின்றாள். பெரியாஸ்பத்திரியில் முதலில் விரல் என்றார்கள், அப்புறம் பாதம் என்றார்கள், அப்புறம் எதுவும் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள்.

இலஞ்சியில் ஒற்றை அறையும் ஒரு அடுப்படியுமாக அவர்கள் வீடு. மகள் சத்யபிரியா திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ரத்தினம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி தரம் பிரிக்கப் போனாள். விடியும்போதே சமைத்து, அவரைத் துடைத்துவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்த மலச்சட்டியை எடுத்துக் கழுவி வைத்து, சர்க்கரை மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்கவைத்து, தட்டில் சோற்றை மூடிவைத்துவிட்டு, “அரை மணி நேரத்துல சாப்பிட்டுறணும், என்ன?” என்று சொல்லிவிட்டு டெம்போவுக்கு ஓடுவாள். இரண்டு மணிக்குத் திரும்பும்வரை குத்தாலிங்கம் கட்டிலில் கிடப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் மூலையில் நின்றது. அதில் ரத்தினம் பாவாடை காயப்போட்டிருந்தாள். அவர் அதைத் தொட்டதே இல்லை.

கட்டிலுக்கடியில் செவலை கிடக்கும். நான்கு வயதுப் பெட்டை நாய். குட்டியாக இருந்தபோது ஒரு சீசனில் அதன் தாய் வேனில் அடிபட்டுச் செத்துப்போக, மொபெட்டின் முன்பையில் வைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், மத்தியானம் வந்த ரத்தினம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தவள், கையில் சாம்பலோடு சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனதை அவர் கட்டிலிலிருந்து பார்த்தார். வாய் திறந்திருந்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. செத்த கிழவிபோல இருந்தாள். மறுநாள் தட்டைத் திறந்தவர் பாதிச் சோற்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அதற்கடுத்த வாரம் முக்கால் பங்கு. பிறகு முழுவதும். ஒரே நாளில் உட்கார்ந்து எடுத்த முடிவு இல்லை அது. ஒரு ஆள் குறைந்தால் அவள் தூங்குவாள் என்கிற நினைப்பு மட்டும் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ராத்திரி அவள் முன்னால் இரண்டு கவளம் சாப்பிடுவார். காலித் தட்டைப் பார்த்து அவள் ஒன்றும் சந்தேகப்படவில்லை. ஆள் மெலிகிறாரே என்று கேட்டதற்கு, சர்க்கரை வியாதிக்காரன் மெலியத்தான் செய்வான் என்றார்.

சித்திரையில் பக்கத்துத் தெருவில் கோயில் கொடை. கொடை வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய ஆட்டுக்கறியை ரத்தினம் தனக்கென்று ஒரு துண்டுகூட எடுக்காமல், ஒரு கிண்ணம் நிறைய அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மசாலாவும் கொழுப்பும் எலும்புமாக அவ்வளவும் செவலையின் வயிற்றுக்குப் போனது. மத்தியானம் வந்து வழித்த கிண்ணத்தைப் பார்த்த ரத்தினத்தின் முகத்தில், மாதக்கணக்கில் அவர் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் போய் ஒரு மணி நேரம் இருக்கும். கட்டிலுக்கடியில் நாய் குமட்டும் சத்தம் கேட்டது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. பிறகு எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டு முனகியது. கதவை ஒட்டிய ஜன்னல் வழியே கைவிட்டு ரத்தினம் போட்டுவிட்டுப் போகிற தாழ்ப்பாள் மேலே இருந்தது. குத்தாலிங்கம், “பொறு, பொறு” என்றார். அது கதவைப் பிராண்டியது. கொஞ்ச நேரம் உடம்பைக் குறுக்கிக்கொண்டு தாங்கிப் பார்த்தது. பிறகு அங்கேயே, வாசற்படிக்கு உள்ளே, தண்ணீராகப் போய்விட்டது. போய்விட்டு அவரைப் பார்க்காமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு சுவரோரம் ஒண்டியது.

அந்த ஒண்டல் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் முதல் தடவை படுக்கையிலேயே போய்விட்டபோது அவரும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக் கீழே இறங்கினார். எட்டு மாதத்தில் யாரும் பிடிக்காமல் இறங்கியது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் செவலைக்கு மறுபடியும் போனது. மூன்றாவது தடவை அது கதவருகே ஓடியபோது, மூலைக்கு நகர்ந்து, வாக்கரிலிருந்த பாவாடையைக் கீழே இழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பிடித்துத் தொங்கி எழுந்தார். உடம்பு முழுக்க ஆடியது. நான்கு தப்படி. தாழ்ப்பாளைத் தட்டி இறக்கினார். நாய் வெளியே பாய்ந்தது.

செவலைக்கு வெறிநாய் ஊசி போட்ட முகாமில் கொடுத்த அட்டை காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. அதில் மாட்டு டாக்டரம்மா முஹ்ஸினாவின் நம்பர் இருந்தது. கடையநல்லூர்க்காரர். குத்தாலிங்கம் கட்டிலில் கிடந்த போனை எட்டி எடுத்துக் கூப்பிட்டார்.

“எத்தன தடவ போயிருக்கு அண்ணாச்சி?”

“நாலு. வாந்தி ரெண்டு.”

“ரத்தம் தெரியுதா?”

“இல்ல.”

“உதட்டத் தூக்கி ஈறப் பாருங்க. வெளுத்திருக்கா? ஒட்டுதா?”

திரும்பி வந்து தரையில் கிடந்த நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். “செவப்பாத்தான் இருக்கு. கொஞ்சம் பிசுபிசுங்குது.”

“கழுத்துக்குப் பின்னால தோலப் புடிச்சி இழுத்து விடுங்க. சட்டுனு படியுதா, நின்னு படியுதா?”

அது அவர் கைக்குத் தெரிந்த விஷயம். இரண்டு விரலால் தோலைத் தூக்கி விட்டார். “படியுது. ஆனா எப்பவும் படியுத மாதிரி இல்ல. ஒரு நொடி பிந்துது.”

“சரி. வீட்டுலயே பாத்துக்கிடலாம். இது குட்டியா இருந்தா ஒடனே தூக்கிட்டு வரச் சொல்லியிருப்பேன். நாளைக்குக் காலை வர தீனி ஒண்ணும் குடுக்காதீங்க. வீட்டுல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கா?”

ஆஸ்பத்திரியில் கொடுத்தது இருந்தது.

“ஒரு லிட்டர் ஆறவச்ச தண்ணியில மொத்தப் பாக்கெட்டையும் கலக்குங்க. அர மணிக்கு ஒருதரம் ரெண்டு மூணு ஸ்பூன், அவ்வளவுதான். மொத்தமா வச்சா மடமடன்னு குடிச்சிட்டுத் திரும்ப வாந்தி எடுக்கும். பால் குடுக்காதீங்க.”

“வயித்தால போறதுக்கு எனக்குக் குடுத்த மாத்திர கெடக்கு. அதுல பாதி…”

“வேண்டாம். மனுசங்க மாத்திர எதுவும் வேண்டாம். என்ன தின்னுச்சி நேத்து?”

குத்தாலிங்கம் நாயின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “கறி” என்றார். “ஒரு கிண்ணம். எலும்போட.”

“அவ்வளவையும் யாரு வச்சது?”

“அது என் பங்கும்மா.”

டாக்டர் அதைத் துருவவில்லை. எலும்பு உள்ளே சிக்கியிருந்தால் வயிறு கல்லாட்டம் இறுகும், முக்கி முக்கி ஒன்றும் வராது, வாந்தி நிற்காது. அப்படி ஏதாவது தெரிந்தாலோ, ரத்தம் வந்தாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ ஆட்டோ பிடித்து உடனே வந்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி வைத்தார்.

தண்ணீர்ப் பாட்டிலில் மருந்தைக் கலக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்தாலிங்கம் தரையிலேயே உட்கார்ந்தார். செவலையின் தலையைத் தொடையில் வைத்து, கடைவாயில் ஸ்பூனால் விட்டார். பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது. வயிற்றைத் தடவிப் பார்த்தார். உள்ளே குடல் இரைவது விரலில் ஓடியது, இறுக்கம் இல்லை. அரை மணிக்கொருதரம் ஸ்பூன். நடுவில் இரண்டு தடவை வெளியே ஓடியது. திரும்பி வரும்போது பின்னங்கால் நனைந்திருக்கும். துடைத்துவிட்டார்.

பதினொன்றரை மணி இருக்கும். ஸ்பூன் கையில் ஆடியது. வேலை செய்த களைப்பு என்று நினைத்தார். பிறகு பிடரியில் குளிர்ந்த வேர்வை இறங்கியது, உதடு மரத்தது, கதவுக்கு வெளியே இருந்த வெளிச்சம் இரண்டாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை இப்படி வந்து, நர்ஸ் ஓடிவந்து வாயில் குளுக்கோஸைத் திணித்திருக்கிறாள். காலையில் மாத்திரை போட்டது. நேற்று ராத்திரிக்குப் பிறகு வயிற்றில் எதுவும் இல்லை. சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாளாகக் காத்திருந்தது வந்து நிற்கிறது, இனி சும்மா இருந்தால் போதும் என்பதும் தெரிந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. கை தானாக, நாய்க்கு வைத்திருந்த குளுக்கோஸ் கலந்த பாட்டிலைத் தேடியது. இரண்டு கையாலும் பிடித்து, மேலெல்லாம் வழிய, முக்கால் பாட்டிலையும் குடித்தார். நாயை நினைத்துத்தான் குடித்தேன் என்று பிற்பாடு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அப்படி இல்லை. பயந்துவிட்டார். அவ்வளவுதான். சாவு என்பது மெல்ல, தூக்கம்போல வரும் என்று கட்டிலில் கிடந்து நினைத்திருந்தார். அது மார்பில் ஏறி மிதிக்கிற மாதிரி வந்தது.

கண் கொஞ்சம் தெளிந்ததும் அடுப்படிக்கு ஊர்ந்து போனார். கீழ்த்தட்டில் இருந்த சீனி டப்பாவைக் கவிழ்த்து, தரையில் சிதறியதை அள்ளி அள்ளி வாயில் போட்டார். நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. நின்றதும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ரத்தினம் இரண்டு மணிக்கு வந்தபோது வாசல் திறந்து கிடந்தது. வாக்கர் கதவருகே நின்றது. தரையெல்லாம் ஈரம். அடுப்படியில் சீனியில் எறும்பு மொய்த்திருந்தது. புருஷன் தரையில் சுவரில் சாய்ந்து, மடியில் நாயோடு இருந்தார். அவள் போய்த் தட்டைத் திறந்து பார்த்தாள். காலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

“செவலைக்கு வயித்தால போவுது” என்றார்.

“அது சரி. உங்க சோறு ஏன் கெடக்கு?”

அவள் தட்டையும் சீனியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். சணலை ஒவ்வொரு இழையாகப் பிரிக்கிறவள்போல மெதுவாகக் கேட்டாள்.

“நேத்து கறி?”

“அதுக்குத்தான் போட்டேன்.”

“அதுக்கு முன்னால?”

“பொங்கலுக்குப் பொறவு… தெனமும்தான்.”

ரத்தினம் சேலையோடு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். “இன்னைக்குக் காலைல மார்க்கெட்டுல எல்லார்ட்டயும் சொன்னேன். எங்க வீட்டுல நேத்து நல்லா சாப்பிட்டாங்க, கிண்ணத்த வழிச்சி வச்சிருந்தாங்கன்னு. தக்காளியப் பெறக்கிக்கிட்டே சொன்னேன்.”

“உனக்கு ஒரு பாரம் கொறயும்னு நெனச்சேன்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“நானும் நெனச்சிருக்கேன்” என்றாள். “மார்கழில உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சிதே, அப்ப. பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு நெனச்சேன். வீட்டுக்குப் போவும்போது மூச்சு இல்லாம கெடந்தா என்னன்னு. அடுத்த ஸ்டாப் வாரதுக்குள்ள கொமட்டிருச்சி. எறங்கி ரோட்டோரமா வாந்தி எடுத்தேன். பொறவு நடந்தே வந்தேன்.”

குத்தாலிங்கம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் நெனச்ச பாவத்துக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்” என்றாள். “அத நீங்க எடுத்துச் செய்யாண்டாம்.”

அப்போது செவலைக்கு மறுபடியும் குமட்டல் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துணியை எட்டினார்கள். அதற்கு மேல் அன்றைக்கு அதைப்பற்றிப் பேச்சு எழவில்லை. ரத்தினம் தரையைக் கழுவினாள். பிறகு சோற்றைப் பிசைந்து, இருபத்தெட்டு வருஷத்தில் செய்யாத காரியமாக, அவர் வாயில் ஊட்டினாள். அன்பாக ஊட்டவில்லை. ஒவ்வொரு உருண்டையையும் அவர் விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே ஊட்டினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு, அரிசியைக் குழைய வேகவைத்தாள். தோலும் எலும்பும் இல்லாத கோழித்துண்டை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் அவித்து, நாராகப் பிய்த்தாள். அதைச் சோற்றோடு மசித்து, இரண்டு ஸ்பூன் அளவு செவலையின் முன்னால் வைத்தார்கள். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. குத்தாலிங்கம் விரலில் எடுத்து மூக்கருகே காட்டினார். நக்கியது. இரண்டு மணி நேரம் விட்டு மறுபடியும் இரண்டு ஸ்பூன். சாயங்காலம் சளிபோல வழவழப்பாகப் போனபோது ரத்தினம் பயந்து போன் செய்தாள். சளியானால் பயமில்லை, சிவப்பாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சிவப்பாக எதுவும் வரவில்லை.

மூன்றாம் நாள் வாந்தி நின்றிருந்தது. வயிற்றால் போவது ஒரு தடவையாகக் குறைந்தது. நாலாம் நாள் காலையில் செவலை வீட்டுக்குப் பின்னால் வாதமுடக்கிச் செடியோரம் போய் உட்கார்ந்தது. குத்தாலிங்கம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்தார். கட்டியாகப் போயிருந்தது. தோலை இழுத்து விட்டார். சட்டென்று படிந்தது. அதன் பிறகும் ஒரு வாரம் குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தீனியைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

நாய் தேறிவிட்டது. மற்றவை அவ்வளவு லேசாகத் தேறவில்லை.

ரத்தினம் மூன்று நாள் போகாததில் தரம் பிரிக்கிற இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்து பார்த்த வேலை போய், தக்காளிக் கூடையைத் தலையில் வைத்து லாரிக்குச் சுமக்கிற வேலைதான் கிடைத்தது. முன்பைவிட அலுத்து வந்தாள். குத்தாலிங்கம் சாப்பிட்டார். பசித்துச் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. அவள் சுமந்து வருகிற கூடைக்கு ஈடாகத் தன்னால் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான் என்பதுபோலச் சாப்பிட்டார். சட்டியை அவரே வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொட்டப் பழகினார்.

அந்த முதல் நாள் சிமெண்டுத் தரையில் ஊர்ந்ததில் இடது காலின் சுண்டுவிரல் உராய்ந்திருந்தது. அதுவும் வலிக்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தபோது சுற்றிலும் கறுப்பு ஏறியிருந்தது. அன்றே ரத்தினத்தைக் கூப்பிட்டுக் காலை நீட்டிக் காட்டினார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை. பாதம் தப்பியது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குப் போகிற வேன்களும் கார்களும் மெயின் ரோட்டில் நாளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அப்படி ஒரு நாள் விடிகாலை, டெம்போவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் குத்தாலிங்கம் சொன்னார்.

“ஏட்டி, அந்த நெனப்பு இன்னைக்கும் வருது.”

ரத்தினம் தலையில் சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“எவ்வளவு வருது?”

“கொஞ்சந்தான். ஆனா வருது.”

“சாப்பிட்டீங்கள்லா?”

“சாப்பிட்டேன்.”

“இன்னைக்கு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் போன் போடுதேன். எடுக்கணும். ரெண்டு மணிக்கு வந்துருவேன், வந்து பேசுவோம்.” துணியை முடிந்துகொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். “சொன்னது நல்லது” என்றாள். தெருமுனையில் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அவள் ஓடினாள்.